படைத்தவரும் நியாயந்தீர்ப்பவரும்: சங்கீதம் 96-ஐ வைத்து வீட்டு ஜெபக்கூட்டம் நடத்த முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) வீட்டு ஜெபக்கூட்டத்தை முதன்முறையாக நடத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே போதகர் பல இடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊர்களில் "இந்த வாரம் நீயே நடத்திடு தம்பி" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு செய்தி வரும். அவ்வளவுதான், பொறுப்பு கைக்கு வந்துவிடும்.

அப்படி நடத்த வருகிறவர்களில் பலர் பைபிளில் உள்ள சங்கீதத்தை ஒரே ஓட்டமாக வாசித்து, "ஆமென்" சொல்லி, உடனே விண்ணப்பங்களைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் கடன், காய்ச்சல், பிள்ளையின் பரீட்சை என்று ஒரு மணி நேரம் போய்விடும். விண்ணப்பம் தவறில்லை. ஆனால் துதிக்க வந்தவர்கள் துதிக்காமலே வீட்டுக்குப் போகிறார்கள்.

இங்கே சொல்லும் முறையில் சங்கீதம்தான் கூட்டமே. கர்த்தரைப் படைத்தவராகத் துதிப்பது யாருக்கும் எளிதில் வரும். அதே வாயால், அதே மகிழ்ச்சியோடு, நியாயாதிபதியாகத் துதிப்பதில்தான் தடுமாற்றம். அந்த இடத்தைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதியிருக்கிறேன்.

1. ஏன் 96?

படைப்பைப் பாட நினைப்பவர்கள் முதலில் 104-ஐத் திறப்பார்கள். அருமையான சங்கீதம்தான். ஆனால் 35 வசனங்கள். பாவிகளின் முடிவைப் பற்றிக் கடைசி வசனத்தில்தான் ஒரு வரி வருகிறது. 50-ஆம் சங்கீதத்தில் தேவன் நியாயாதிபதியாக வருகிறார்; ஆனால் அதில் பெரும்பகுதி அவரே பேசுகிறார், நாம் கேட்கிறோம். கூடி வாய்திறந்து துதிக்கப் பழகுகிறவர்கள் அதைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

96-இல் 13 வசனங்கள்தான். 5-ஆம் வசனம் அவரை வானங்களை உண்டாக்கினவர் என்கிறது. 13-ஆம் வசனம் அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்கிறது. நடுவில் 10-ஆம் வசனம் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. இதைவிடச் சுருக்கமாக இரண்டும் ஒன்றாக அமைந்த சங்கீதம் புதியவர்களுக்குக் கிடைப்பது அரிது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சங்கீதத்தில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. "எனக்குத் தாரும்" இல்லை, "என்னை விடுவியும்" இல்லை. கூட்டம் விண்ணப்பத்துக்கு நழுவும்போதெல்லாம் சங்கீதமே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும்.

2. ஒரு வாரத்துக்கு முன்பே மனப்பாடம்

நடத்துகிறவருக்கு 13 வசனங்களும் மனப்பாடமாக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வசனம் என்றால் ஒரே வாரம் போதும். வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். கண்ணால் படித்தது சபைக்கு முன்னால் நிற்கும்போது நழுவிவிடும்.

மனப்பாடம் எதற்கு? தாளைக் குனிந்து பார்க்கிறவருக்கு எதிரே யார் அழுகிறார், யார் எந்த வரியில் தொலைந்து போனார் என்று தெரியாது. துதியை நடத்துகிறவரின் கண் மக்கள்மேல் இருக்க வேண்டும்.

படிக்கும்போதே சங்கீதத்தை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 1 முதல் 3 வரை அழைப்பு, 4 முதல் 6 வரை அதற்கான காரணம், 7 முதல் 9 வரை இரண்டாவது அழைப்பு, 10 அறிவிப்பு, 11 முதல் 13 வரை வானமும் பூமியும் சேர்ந்து பாடுவது. கூட்டத்தின் ஒழுங்கும் இதுதான். இதற்கு மேல் நிகழ்ச்சி நிரல் தேவையில்லை.

நாக்கு இடறும் சொற்களை முன்கூட்டியே பழகுங்கள்: "ராஜரிகம்பண்ணுகிறார்", "பிராகாரங்களில்", "பூச்சக்கரம்", "கெம்பீரிக்கும்". அரசாளுகிறார், முற்றங்களில், உலகம், ஆர்ப்பரிக்கும் என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். நடுவில் நிறுத்தி விளக்கினால் பாட்டு உடைந்து பாடமாகிவிடும்.

3. தாள்

ஆளுக்கொரு தாள் கொடுங்கள். ஒரே பக்கம், எழுத்து அளவு 18. பாட்டிமார் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள். எட்டு மணிக்குமேல் கூடத்து விளக்கொளியில் சின்ன எழுத்து யாருக்கும் தெரியாது.

"எல்லார் கைப்பேசியிலும் பைபிள் இருக்கே" என்று தாளை விட்டுவிடாதீர்கள். ஒருவர் பழைய மொழிபெயர்ப்பை வைத்திருப்பார், இன்னொருவர் புதியதை. கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வருகிறவரிடம் இது திருப்பாடல் 96 என்று, வேறு நடையில் இருக்கும். சேர்ந்து வாசிக்கும்போது மூன்று நடை மோதினால் இரண்டாவது வசனத்திலேயே குரல்கள் ஓய்ந்துவிடும். எந்த மொழிபெயர்ப்பாக இருந்தாலும் சரி, எல்லார் கையிலும் ஒன்றே இருக்கட்டும். இந்த வழிகாட்டியில் பழைய மொழிபெயர்ப்பின் வரிகளையே எடுத்திருக்கிறேன். நம் வட்டாரத்து மூத்தவர்கள் காதில் அதுதான் பழகியிருக்கிறது.

தமிழ்ப்பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காகத் தாளின் அடியில், எல்லாரும் சேர்ந்து சொல்லும் இரண்டு பதில் வரிகளை மட்டும் ரூமி (ஆங்கில) எழுத்தில் போடுங்கள். முழுச் சங்கீதத்தையும் ரூமியில் அடித்தால் எழுத்துக்கூட்டியே தலை குனிந்து உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு வரி என்றால் ஐந்து நிமிடத்தில் மனதில் ஏறிவிடும், அப்புறம் தாளே வேண்டாம்.

4. நேரம், வீடு, அக்கம்பக்கம்

இரவு 8 மணிக்குத் தொடங்கி 9.15-க்குள் முடியுங்கள். வேலை முடிந்து வந்தவர் குளித்துச் சாப்பிட நேரம் வேண்டும். செம்பனைக் குலை வெட்டப் போகிறவர் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். கூட்டம் பத்தரை வரை இழுத்தால் அடுத்த வாரம் அவர் வரமாட்டார், கேட்டால் காரணமும் சொல்லமாட்டார்.

மழை நம் ஊரில் தவிர்க்க முடியாத விஷயம். தகரக் கூரையில் பெருமழை இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்போது வாசிப்பைப் பிடித்துக்கொண்டு போராடாதீர்கள். பல்லவியாக வைக்கும் 1-ஆம் வசனத்தை எல்லாரும் சேர்ந்து பாடிக்கொண்டிருங்கள், மழை தணிந்ததும் விட்ட வசனத்திலிருந்து தொடருங்கள். கத்தி வாசித்தால் எல்லாருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும்.

ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். ஒரு கூடத்தில் பதினைந்து, இருபது பேருக்கு வாய்க்குரல் போதும். பக்கத்து வீட்டில் இழவு, திருமணம், கோயில் திருவிழா இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேளுங்கள். இருந்தால் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். "சகல ஜனங்களுக்குள்ளும்" அவருடைய அதிசயங்களைச் சொல்லச் சொல்கிறது இந்தச் சங்கீதம். பக்கத்து வீட்டு ஜனங்களின் துக்கத்தை மிதித்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

5. இரண்டு பதில் வரிகள்

எல்லாரும் சேர்ந்து சொல்ல இரண்டு வரிகள் போதும்.

முதலாவது: "கர்த்தரோ வானங்களை உண்டாக்கினவர்." இதை 3, 6, 9-ஆம் வசனங்களுக்குப் பிறகு சொல்லவேண்டும்.

இரண்டாவது: "அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார்." இதை 10, 11, 12, 13 என்று ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் சொல்லவேண்டும்.

இரண்டாவது வரி ஏன் அதிகம் வருகிறது? முதல் வரியைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள்தான் எல்லாம். இரண்டாவதைத் துதியாகச் சொன்ன அனுபவம் பலருக்கு இல்லை. முதல் தடவை முணுமுணுப்பாக வரும், மூன்றாவது தடவை குரல் எழும். அந்த அளவுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

கூட்டம் தொடங்குமுன் இரண்டையும் நாலைந்து தடவை சொல்லிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாவைப் பார்த்து, "நீங்க முதல்ல சொல்லுங்கம்மா, நாங்க பின்னால சொல்றோம்" என்று கேளுங்கள். தாள் இல்லாதவரிடமிருந்து வரி தொடங்கினால், படிக்கத் தெரிந்தவர்களின் கூட்டம் இது என்ற எண்ணம் யாருக்கும் வராது.

6. வசனம் 1 முதல் 3: பாட்டோடு தொடங்குங்கள்

"கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள், பூமியின் குடிகளே, எல்லாரும் கர்த்தரைப் பாடுங்கள்." பாடச் சொல்கிற வசனத்தை வாசித்துவிட்டுப் பாடாமல் போவது சரியில்லை. ஆகவே இந்த வசனத்தையே பல்லவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டுக்குப் பெரிய இசை ஞானம் வேண்டாம். மோகனத்தில் போடுங்கள்: ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரங்கள், பயிற்சி இல்லாத குரலும் அதில் வழி தவறாது, இயல்பாகவே மகிழ்ச்சி தரும் ராகம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் "கர்த்தருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள்" தாராளமாக அடங்கும். தபேலா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைத்தட்டு போதும்.

கீபோர்டு வாசிக்கும் தம்பிகள் தங்கள் குரலுக்கேற்ற சுருதியில் ஆரம்பித்துவிடுவார்கள். மேலே போகும்போது அம்மாமார் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு கட்டை அல்லது ஒன்றரைக் கட்டையில் வைத்தால் ஆண், பெண், பிள்ளைகள் எல்லாருக்கும் எட்டும்.

பல்லவி மூன்று முறை, பிறகு 2, 3 வசனங்களை நடத்துகிறவர் வாசிக்க, பதில் வரி. இந்தப் பகுதியை இழுக்காதீர்கள். அழைப்பு அழைப்பாகவே இருக்கட்டும்.

7. வசனம் 4 முதல் 6: படைத்தவரைத் துதித்தல்

இங்கே ஒரு சுற்று வையுங்கள். ஒவ்வொருவரும் கர்த்தர் படைத்த ஒன்றின் பெயரைச் சொல்லி, அதற்காக அவரைத் துதிக்க வேண்டும். ஒரே வாக்கியம் போதும்.

நீங்கள் வழிகாட்டாவிட்டால் இந்தச் சுற்று நன்றி சொல்வதாக மாறிவிடும். "எனக்கு வேலை கிடைச்சதுக்கு ஸ்தோத்திரம்", "காடி பழுதாகாம ஓடுறதுக்கு ஸ்தோத்திரம்." இவை நல்ல நன்றிகள்தான். ஆனால் எல்லாம் "எனக்கு" என்பதைச் சுற்றியே இருக்கின்றன. படைத்தவரைத் துதிப்பது என்பது நமக்கு லாபமில்லாத ஒன்றைப் பார்த்தும் அவரைப் பெரியவர் என்று சொல்வது. நடத்துகிறவரே முதலில் ஒரு மாதிரி காட்டுங்கள்: "கிழக்கே காலையில் தித்திவங்சா மலைமேல் பனி நிற்கிறதே, அதை உண்டாக்கினவருக்குத் துதி." அதைக் கேட்டதும் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஒருவர் மரங்கொத்தி என்பார், ஒருவர் பிளஸ் ஆற்று வெள்ளம் என்பார், பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய கை ஒன்று இருட்டில் கேட்கும் பூச்சிச் சத்தத்தைச் சொல்லும்.

5-ஆம் வசனத்தில் கவனம் வேண்டும். "சகல ஜனங்களுடைய தேவர்களும் விக்கிரகங்கள்தானே, கர்த்தரோ வானங்களை உண்டாக்கினவர்." நம் குடும்பங்களில் மாமியார் மாரியம்மன் கோயிலுக்குப் போவார், மருமகள் ஜெபக்கூட்டத்துக்கு வருவார். மாமியார் அடுப்படியில் நமக்காகத் தேநீர் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். புதிதாக நடத்துகிறவர்களில் சிலர் முதல் பாதியில் நின்று, குரலை உயர்த்தி, விளக்கம் சேர்க்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள்.

வசனத்தை விடவும் வேண்டாம், மழுப்பவும் வேண்டாம், உள்ளபடி வாசியுங்கள். ஆனால் நிறுத்தாமல் "கர்த்தரோ" என்ற சொல்லுக்குப் போங்கள், குரலின் பாரம் அங்கே விழட்டும். வசனம் போய்ச் சேரும் இடம் அதுதான்: வானங்களை உண்டாக்கினவர் என்ற துதி. பிறரைத் தாழ்த்திப் பேசுவதால் அவருடைய மகிமை கூடப்போவதில்லை. 6-ஆம் வசனம் சொல்கிறபடி மகிமையும் கனமும் ஏற்கெனவே அவர் சமுகத்தில் இருக்கின்றன.

8. வசனம் 7 முதல் 9: எழுந்து நில்லுங்கள்

"செலுத்துங்கள்" என்ற கட்டளை இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே கைகளை விரிக்கலாம்.

காணிக்கை எடுப்பதாக இருந்தால் 8-ஆம் வசனத்தோடு எடுங்கள், முடிவில் வேண்டாம். துதியின் நடுவில் கொடுத்தால் அது துதி. கிளம்பும் நேரத்தில் கொடுத்தால் கட்டணம் போல ஆகிவிடுகிறது.

9-ஆம் வசனம் "நடுங்குங்கள்" என்று முடிகிறது. வாசித்ததும் ஒரு நிமிடம் முழு அமைதி. பாட்டு வேண்டாம், கீபோர்டு பின்னணி வேண்டாம். இந்த அமைதியைப் பலர் தாங்கமாட்டாமல் "அல்லேலூயா" என்று நிரப்பப் பார்ப்பார்கள். கையைக் காட்டி அமர்த்துங்கள். வரப்போகும் நியாயத்தீர்ப்பின் மகிழ்ச்சிக்கு முன்னால் இந்த நடுக்கம் இருக்க வேண்டும். அது இல்லாமல் 13-ஆம் வசனத்துக்குப் போனால், அவர் மற்றவர்களை மட்டும் நியாயந்தீர்க்க வருகிறார் என்ற நினைப்பு வந்துவிடும்.

9. வசனம் 10: இரண்டும் சேரும் இடம்

"கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார், ஆகையால் பூச்சக்கரம் அசையாதபடி உறுதிப்பட்டிருக்கும், அவர் ஜனங்களை நிதானமாய் நியாயந்தீர்ப்பார் என்று ஜாதிகளுக்குள்ளே சொல்லுங்கள்."

நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய ஒரே வசனம் இது. மூன்று நிமிடம் போதும். சொல்ல வேண்டியதும் ஒன்றுதான்: உலகத்தை அசையாமல் நிறுத்தியவரும் ஜனங்களை நியாயந்தீர்க்கிறவரும் ஒருவரே. தாம் படைத்தது அவருக்குச் சொந்தம், அதனால்தான் அதில் நடக்கும் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

"நிதானமாய்" என்பதை விளக்கத் தோட்டத்து ஆட்களுக்கு நீண்ட பேச்சு வேண்டாம். பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு வரிசையில் நின்று, தராசு முள்ளையும் கணக்கு எழுதுகிறவர் கையையும் மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு, சரியாக நிறுக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்றால் என்னவென்று தெரியும்.

இந்த வசனத்துக்குப் பிறகுதான் பதில் வரி மாறுகிறது. மாறுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பேர் பழைய வரியைச் சொல்வார்கள்.

10. வசனம் 11, 12: பிள்ளைகளிடம் கொடுங்கள்

வானம், பூமி, சமுத்திரம், நாடு, காட்டு விருட்சம் எல்லாம் இங்கே மகிழ்கின்றன. பிள்ளைகளைப் பிரித்துச் சத்தம் எழுப்பச் சொல்லுங்கள். லுமுட் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் அலையின் முழக்கத்தைச் செய்வார்கள், மற்றவர்கள் காற்றில் ஆடும் மரத்தின் சலசலப்பை. பெரியவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் சமுத்திரம் "முழங்குவதாக" என்று வசனமே சொல்கிறது. மெதுவாக வாசித்தால் பொருந்தாது.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் மரத்தைப் பார்த்தால் குலையை எண்ணுகிறோம், பாலை அளக்கிறோம். சுமார் இருபத்தைந்து ஆண்டு ஆனால் செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். சங்கீதம் மரத்தைத் துதிக்கிறவர்களின் வரிசையில் நிறுத்துகிறது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் இந்த வசனம் ஆழமாக இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் விளக்க வேண்டாம், அவர்களே யோசிக்கட்டும்.

11. வசனம் 13: நியாயாதிபதியைத் துதித்தல்

"அவர் வருகிறார், அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார், அவர் பூலோகத்தை நீதியோடும், ஜனங்களைச் சத்தியத்தோடும் நியாயந்தீர்ப்பார்."

பெரும்பாலான கூட்டங்களில் இங்கே குரல் இறங்கிவிடும். 12 வரை ஆர்ப்பரித்தவர்கள் இந்த வசனத்தைச் சாவு அறிவிப்பு வாசிப்பதுபோல வாசிப்பார்கள். சிலர் 12-இலேயே முடித்துவிடுவார்கள், "நல்லா முடியுதே" என்று. ஆனால் மரங்கள் கெம்பீரிப்பதற்குக் காரணமே 13-இல்தான் இருக்கிறது. அதை விட்டால் மரங்கள் ஏன் பாடுகின்றன என்றே தெரியாது.

குரல் இறங்குவது ஏன்? சிறுவயதிலிருந்து "கர்த்தர் தண்டிப்பார்" என்று மிரட்டி வளர்த்திருப்பார்கள். நியாயம் என்ற சொல்லே தண்டனை என்று காதில் விழுகிறது. எனவே முதல் வேலை, வசனத்தை உரக்க, நிமிர்ந்து, முகமலர்ச்சியோடு நீங்கள் வாசித்துக் காட்டுவது. நடத்துகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் இது நற்செய்தியா மிரட்டலா என்று மற்றவர்கள் முடிவுசெய்கிறார்கள்.

அடுத்து இரண்டாவது சுற்று. கேள்வி: "நம்மைச் சுற்றி யாருக்கு நியாயம் இன்னும் கிடைக்கவில்லை?" ஆளின் பெயரைச் சொல்ல வேண்டாம், நிலைமையைச் சொன்னால் போதும். இந்த ஊரில் பதில்கள் தாமதமாக வரும், ஆனால் வரும். இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்கள். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளியில் சேர அலையும் பிள்ளை. தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டைக் காலி செய்து, சொன்ன வீடு கிடைக்காமல் வாடகைக்கு இருப்பவர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்து, கடப்பிதழ் முதலாளி கையில் இருப்பவர்கள். ஒவ்வொன்றையும் சொன்னவுடன் எல்லாரும்: "அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார்."

முதல் பதிலுக்கும் கடைசிப் பதிலுக்கும் இடையே குரல் மாறுவதைக் கேட்பீர்கள். அந்த மாற்றத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

மூன்று இடங்களில் இந்தச் சுற்று கெட்டுப்போகும்.

யாராவது தன் மைத்துனரையோ மேற்பார்வையாளரையோ மனதில் வைத்து, "அவனுக்கு இருக்கு" என்ற தொனியில் பேச ஆரம்பிப்பார். இடைமறியுங்கள். மென்மையாகத்தான், ஆனால் உடனே: "அண்ணே, அதை அவர் கையில விட்டுடுவோம்." வசனம் "ஜனங்களை" என்கிறது, அதில் நாமும் உண்டு. 9-ஆம் வசனத்தின் அமைதியை நினைவுபடுத்துங்கள்.

இரண்டாவது, துக்கத்தில் இருப்பவர். விபத்தில் பிள்ளையை இழந்த ஒருவர் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம், "இதுவும் நியாயத்தீர்ப்பா?" என்று அவர் மனம் கேட்கும். நேர்ந்த துன்பத்தைத் தண்டனை என்று இந்தச் சங்கீதம் எங்கேயும் சொல்லவில்லை என்பதை வாய்திறந்து சொல்லுங்கள். யாராவது அப்படிச் சொல்ல ஆரம்பித்தாலும் நிறுத்துங்கள். கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மூன்றாவது, "அவரே பார்த்துக்கொள்வார்" என்று கையைக் கட்டிக்கொள்வது. நீதியோடு நியாயந்தீர்க்கிறவரைத் துதித்துவிட்டு, பத்திரமில்லாத பிள்ளையின் தாய்க்குப் பதிவிலாகாவுக்குத் துணைபோக ஆளில்லை என்றால் அந்தத் துதி பாதியில் நிற்கிறது. சுற்றில் வந்தவற்றை ஒருவர் தாளில் குறித்துக்கொள்ளட்டும்; முடிந்ததும், யார் எதில் துணை நிற்க முடியும் என்று கேளுங்கள். இதையும் கூட்டத்தின் ஒரு பகுதியாகவே வையுங்கள்.

12. "அவர்" என்பதை "நீர்" ஆக்குதல்

சங்கீதம் முழுவதும் கர்த்தரைப் பற்றிப் பேசுகிறது. அவரிடம் நேரடியாகப் பேசவில்லை. ஆகவே முடிவு ஜெபத்தில் அதே வரிகளை அவரை நோக்கித் திருப்புங்கள்: "நீர் வானங்களை உண்டாக்கினவர். நீர் ராஜரிகம்பண்ணுகிறீர். நீர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறீர்." நான்கைந்து வரி போதும், எல்லாரும் பின்னால் சொல்லட்டும்.

புதிதாக ஜெபிக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை. பேசத் தெரிந்தவர்கள் பத்து நிமிடம் ஜெபித்து மற்றவர்களை வாயடைக்கச் செய்வதும் நின்றுபோகும்.

நோயுற்றோருக்காகவும் தேவைகளுக்காகவும் ஜெபிப்பது இதற்குப் பிறகுதான். நேரம் குறைவாக இருந்தால் இரண்டே பேருக்காக ஜெபியுங்கள், மற்றவற்றைப் புலனக் குழுவில் போட்டுவிடலாம். நேரத்துக்காகத் துதியில் கை வைக்காதீர்கள்.

13. இன்னும் சில தடுமாற்றங்கள்

தாமதமாக வருகிறவர்களுக்காக முதலிலிருந்து மீண்டும் தொடங்குவது. வேண்டாம். தாளைக் கொடுத்து, எந்த வசனம் என்று பக்கத்தில் இருப்பவர் விரலால் காட்டினால் போதும்.

சங்கீதத்தின் நடுவில் பிரசங்கம் வைப்பது. போதகரே வந்திருந்தாலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: "ஐயா, இன்னைக்கு 13-ஆம் வசனம் வரைக்கும் போயிட்டு நீங்க பேசுங்க." அவர்கள் மறுப்பதில்லை.

வாசிக்கும் பொறுப்பை வசனத்துக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுப்பது. நியாயமாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொருவரும் தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருப்பதிலேயே கவனம் போய்விடும். வாசிப்பது ஒருவர், பதில் சொல்வது எல்லாரும். பிள்ளைகளின் 11, 12 மட்டும் விதிவிலக்கு.

14. அடுத்த வாரம்

தாள்களைத் திரும்ப வாங்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். மறுவாரமும் 96-ஐயே நடத்துங்கள். முதல் வாரம் தாளைப் பார்த்தவர்கள் இரண்டாவது வாரம் நிமிர்ந்து பார்ப்பார்கள். அக்டோபர், நவம்பரில் பழக ஆரம்பித்தால் இன்னும் நல்லது: கிறிஸ்துமஸ் முன்னிரவு ஆராதனைக்குப் பல சபைகள் வைத்திருக்கும் சங்கீதம் இதுதான், அன்றைக்கு உங்கள் ஆட்கள் புத்தகம் இல்லாமலே சேர்ந்து சொல்வார்கள்.

அப்புறம் 98-க்குப் போங்கள். ஒன்பது வசனங்கள்தான், இதன் உடன்பிறப்பு. அதில் ஆறுகள் கைகொட்டும், மலைகள் பாடும். "அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார்" என்ற வரி அப்படியே கடைசி வசனத்தில் வருகிறது, அதனால் இரண்டாவது பதில் வரியைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.